காய்ச்சல் கண்டவனுக்குப் பாய் எங்கே?

காய்ச்சல் பரவும் ஒவ்வொரு பருவத்திலும் நம் காதுகளில் இரண்டு குரல்கள் விழுகின்றன. "உடல்நலம் இல்லாதவர்கள் வீட்டிலேயே இருங்கள், கூட்டத்தில் கலவாதீர்கள்" என்பது முதற்குரல். அது ஒலிபெருக்கியிலும் நாளிதழிலும், சில வேளைகளில் ஆலய அறிவிப்பிலும் கேட்கிறது. "நாளைக்கு ஷிப்டுக்கு வராவிட்டால் சம்பளம் இல்லை" என்பது இரண்டாம் குரல். அது கேட்பதற்கு ஒலிபெருக்கி தேவைப்படுவதில்லை. இவ்விரண்டும் இருவேறு மனிதர்களை நோக்கி எழுந்த குரல்கள் அல்ல. ஒரே மனிதனை நோக்கி, ஒரே ஊரில், ஒரே நாளில் எழுந்தவை. முதற்குரலுக்குச் செவிசாய்த்தால் அவன் வீட்டில் அடுப்பு எரியாது. இரண்டாம் குரலுக்குச் செவிசாய்த்தால் ஊருக்கே காய்ச்சல் பரவும். அவன் எதற்குச் செவிசாய்ப்பான் என்பதைச் சொல்ல ஞானம் ஏதும் வேண்டியதில்லை.

தொற்றுநோய்க் காலங்களில் எழும் பொதுமக்களின் அச்சத்தைக் குறைசொல்வது நம் நோக்கமன்று. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவது அறிவுடைமையே. ஆனால் அந்த அச்சம் நோக்கும் திசை தவறானது என்கிறோம். அது இருமுகிறவனைக் கண்டு அஞ்சி விலகுகிறது; இருமுகிறவனைப் படுக்கவிடாமல் வேலைக்கு இழுத்துச் செல்லும் ஏற்பாட்டைக் கண்டு ஒருபோதும் அஞ்சுவதில்லை. நோயாளியைக் குற்றவாளியாக்கிவிட்டு, உண்மையான குற்றவாளிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது.

நாம் வாழும் இப்பகுதியையே எடுத்துக்கொள்வோம். போச்சம்பள்ளி என்றதும் முன்பெல்லாம் நினைவுக்கு வந்தவை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையும், மாந்தோப்புகளும், தென்னையும், புளியும்தான். இன்று அவற்றோடு சிப்காட் வளாகமும் சேர்ந்துகொண்டது. மின்சார வண்டி இங்கே உருவாகிறது. பக்கத்துப் பர்கூரில் காலணி தைக்கப்படுகிறது. ஓசூர்ப் பக்கம் கைப்பேசியின் உறுப்புகள் உருவாகின்றன. விடியுமுன் ஊர் ஊராக வண்டிகள் வந்து பெண்களை ஏற்றிச் செல்கின்றன. பிறந்த ஊரை விட்டு வந்த இளைஞர்கள் ஒரே அறையில் நான்கு பேர், ஆறு பேர் என்று தங்குகிறார்கள். இரவு ஷிப்டுக்காரன் எழுந்த பாயில் பகல் ஷிப்டுக்காரன் படுக்கிறான். ஓசூரிலிருந்து பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தான். அங்கே திங்கட்கிழமை தும்மியது இங்கே வாரம் முடிவதற்குள் வந்து சேர்ந்துவிடும். காய்ச்சல் பரவுவதற்கு இதைவிட வசதியான ஊரமைப்பை யாரும் திட்டமிட்டு உண்டாக்க முடியாது.

இன்புளுயன்சா எனப்படும் இந்தச் சளிக்காய்ச்சல் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதில் மருத்துவ உலகிற்கு இன்று ஐயம் இல்லை. கிருமி உட்புகுந்த ஒன்றிலிருந்து நான்கு நாட்களுக்குள் காய்ச்சல் காண்கிறது. அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பே பிறருக்குத் தொற்றத் தொடங்கும். தோன்றிய முதல் மூன்று, நான்கு நாட்களில்தான் மிகுதியாகத் தொற்றும். பெரும்பாலோர் ஒரு வாரத்தில் தேறிவிடுகிறார்கள். முதியோருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், கருவுற்ற பெண்களுக்கும், ஆஸ்துமாவோ நீரிழிவோ உள்ளவர்களுக்கும் அதுவே உயிருக்கு உலை வைக்கக்கூடும். உலகெங்கும் ஆண்டுதோறும் 30 முதல் 50 லட்சம் பேர் இதனால் கடுமையாக நோயுறுகின்றனர் என்றும், 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை மூச்சுக்கோளாற்றால் உயிரிழக்கின்றனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இந்தியாவில் 2015-ஆம் ஆண்டில் மட்டும் எச்1என்1 தொற்று 42,000 பேருக்கு மேல் உறுதிசெய்யப்பட்டு, அவர்களுள் ஏறத்தாழ 3,000 பேர் மாண்டனர். "வெறும் சளிக்காய்ச்சல்தானே" என்பவர்கள் இந்த எண்களை ஒருமுறை படிக்கட்டும்.

இந்நோய்க்கு முதல் மருந்து என்ன? 2009-ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போது நடுவண் அரசு நோயாளிகளை மூன்று வகையாகப் பிரித்து வழிகாட்டுதல் வெளியிட்டது. இலேசான காய்ச்சலும் இருமலும் உள்ள முதல் வகையினருக்குப் பரிசோதனையும் தேவையில்லை, கிருமிக்கொல்லி மருந்தும் தேவையில்லை. அவர்கள் வீட்டிலேயே இருந்து, பிறரோடும், வீட்டிலுள்ள நலிந்தோரோடும் கலவாதிருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். 2023 மார்ச் மாதத்தில் எச்3என்2 வகைக் காய்ச்சல் பரவியபோது, கண்டபடி ஆன்டிபயாடிக் மாத்திரைகளை விழுங்க வேண்டாம் என்று இந்திய மருத்துவச் சங்கம் எச்சரித்தது. ஆக, பெரும்பாலான நோயாளிகளுக்கு மருத்துவம் எழுதித்தரும் மருந்துச்சீட்டு ஒரே ஒரு வரிதான்: படுத்திரு. ஏழைக்கு வாங்க முடியாத மருந்தும் அதுவேதான்.

நம் பகுதி வீடுகளில் காய்ச்சல் நடந்துபோகும் வழியைக் கவனியுங்கள். பள்ளி சென்ற பிள்ளை முதலில் கொண்டுவருகிறது. இரண்டு நாளில் தாய்க்குத் தொற்றுகிறது. அவள் காலணித் தொழிற்சாலையில் தையல் வரிசையில் அமர்பவள். உடல் அனலாய்க் கொதிக்கிறது. ஆனால் மாதம் முழுவதும் தவறாமல் வந்தவர்களுக்கு என்று ஒதுக்கிய வருகைப் போனஸ் ஒரு நாள் விடுப்பில் கைநழுவிவிடும். மருந்துக் கடையில் ஒரு மாத்திரை வாங்கி விழுங்குகிறாள். காய்ச்சல் தற்காலிகமாக இறங்குகிறது, கிருமி இறங்குவதில்லை. வண்டியில் நாற்பது பேரோடு அமர்ந்து, வரிசையில் அறுபது பேரோடு உழைத்து, மாலையில் வீடு திரும்பி, நீரிழிவால் நலிந்த மாமியாருக்குக் கஞ்சி வைத்துத் தருகிறாள். மூன்றாம் நாள் மாமியாருக்கு மூச்சு முட்டுகிறது. கிருஷ்ணகிரிக்கு ஆட்டோ, அங்கிருந்து படுக்கை, பரிசோதனை, கடன். ஊரார் என்ன சொல்கிறார்கள்? "அவள்தான் நோயை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்" என்கிறார்கள். குழாயடியில் அவள் குடத்துக்கு இடம் விடாமல் ஒதுங்குகிறார்கள். அவளைக் காய்ச்சலோடு வேலைக்கு வரவழைத்த ஏற்பாட்டின் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை.

அச்சம் எப்போதுமே எளியவன் தலையில்தான் விடிந்திருக்கிறது என்பதற்கு வரலாறு சான்று. 2009-இல் உலகெங்கும் எச்1என்1 பரவத் தொடங்கியபோது அதற்குப் 'பன்றிக் காய்ச்சல்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. எகிப்து நாட்டில் ஒருவருக்கும் நோய் காணாத நிலையில், அந்த ஏப்ரல் இறுதியில் நாட்டிலிருந்த ஏறத்தாழ மூன்று லட்சம் பன்றிகளையும் கொல்ல அரசு ஆணையிட்டது. அதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறியும் கேட்கவில்லை. பன்றிகள் யாருடையவை? கெய்ரோ நகரின் குப்பையை அள்ளிப் பிழைத்த ஏழைக் காப்டிக் கிறிஸ்தவர்களுடையவை. அவர்கள் பிழைப்பு போயிற்று. பன்றிகள் தின்று தீர்த்த உணவுக்கழிவு தெருக்களில் குவிந்து நகரமே நாறியது. காய்ச்சலோ மனிதர்கள் வழியாகத் தன் பாட்டுக்கு வந்து சேர்ந்தது.

நம் நாட்டிலும் அவ்வாண்டு ஆகஸ்ட் 3 அன்று புனே நகரில் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தபோதும், அடுத்த வாரம் சென்னையில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தபோதும் எழுந்த அச்சம் நியாயமானது. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரின் துயரை யார் அளக்க முடியும்? ஆனால் அந்த அச்சம் முகக்கவசம் வாங்கவும், மருத்துவமனை வாசலில் நீண்ட வரிசையில் நிற்கவும் மக்களை ஓடவைத்ததேயன்றி, இக்குழந்தைகளைச் சுற்றி உழைத்த பெரியவர்கள் காய்ச்சலோடு எங்கெல்லாம் போக வேண்டியிருந்தது என்று கேட்கவைக்கவில்லை.

பதினோரு ஆண்டுகள் கழித்துக் கொரோனா வந்தது. 2020 ஏப்ரலில் தொற்றே பதிவாகாத மாவட்டம் என்று கிருஷ்ணகிரி பெருமை பேசிக்கொண்டது. மே மாதத் தொடக்கத்தில் அப்பெருமை முடிந்தது. எல்லைக்கு அப்பாலிருந்து நடந்தே ஊர் திரும்பிய உழைப்பாளியை ஊரார் பார்த்த பார்வை நமக்கு மறக்கவில்லை. அதே ஏப்ரலில் சென்னையில் மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்தபோது, அவரது உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் திரண்டு, உடலைக் கொண்டுவந்த வண்டியின்மீது கல்லெறிந்தது. நோயாளிகளுக்காக வாழ்ந்தவருக்கு ஆறடி மண்ணை மறுத்த அந்த அச்சம், கல்லெறிந்த கைகளால் ஒரு கிருமியையாவது கொன்றதா?

இன்னும் பின்னோக்கிப் போனால் 1918-ஆம் ஆண்டின் பெருங்காய்ச்சல். கப்பல் வழியே பம்பாய்க்கு வந்து இருப்புப்பாதை வழியே உள்நாடெங்கும் பரவிய அந்நோய், இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேலான உயிர்களைக் குடித்தது. 1911-க்கும் 1921-க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் நாட்டின் மக்கள்தொகை வளராமல் சற்றுக் குறைந்ததற்கு அதுவே தலையாய காரணம். பம்பாய் நகரின் இறப்புக் கணக்கு ஓர் உண்மையைச் சொல்கிறது. தாழ்த்தப்பட்ட சாதியினருள் ஆயிரத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஐரோப்பியருள் ஆயிரத்துக்கு ஒன்பது பேர்கூட மாளவில்லை. கிருமிக்குச் சாதி தெரியாது, நிறம் தெரியாது. ஆனால் காற்றோட்டமுள்ள அறையும், கஞ்சி ஊட்ட ஓர் ஆளும், வேலைக்குப் போகாமல் படுத்திருக்கும் வசதியும் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதைச் சமூகம் முன்கூட்டியே தீர்மானித்திருந்தது.

இன்று அதைத் தீர்மானிப்பது எது? சட்டத்தைப் புரட்டுவோம். தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம், அதாவது நாம் ஈ.எஸ்.ஐ. என்று அறிந்த திட்டம், 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. அதன் நன்மைகளை நாம் மறுக்கவில்லை. தொழிலாளிக்கும் அவர் குடும்பத்திற்கும் மருத்துவம் கிடைக்கிறது. நோயுற்ற நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும் என்பதும் பெரிய காரியமே. ஆனால் அத்திட்டத்தின் விதிகளில் 'காத்திருப்புக் காலம்' என்றொன்று எழுதப்பட்டது. நோயின் முதல் இரண்டு நாட்களுக்குப் பணம் இல்லை என்பதே அதன் பொருள். புதிதாக வேலையில் சேர்ந்தவர் இந்த நோய்க்கால உதவித்தொகையைப் பெறத் தகுதியடைவதற்கே ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் கடக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் அலைக்கழியும் இளம்பெண்ணுக்கு அந்த ஒன்பது மாதம் எப்போது நிறையும்?

நாளுக்கு 500 ரூபாய் கூலி பெறும் ஒருவர் நான்கு நாள் காய்ச்சலில் படுத்தார் என்று வைத்துக்கொள்வோம். இழந்த கூலி 2,000 ரூபாய். முதல் இரண்டு நாளுக்கு ஒன்றுமில்லை. பின்னிரண்டு நாளுக்கு 350 வீதம் 700 ரூபாய். வருகைப் போனஸும் போயிற்று. மருத்துவம் சொல்வது, முதல் சில நாட்களில்தான் நோய் மிகுதியாகத் தொற்றும், அப்போது வீட்டிலிரு என்று. விதி சொன்னது, முதல் இரண்டு நாட்களில்தான் உனக்குப் பணம் இல்லை என்று. எந்த நாட்களில் அவனைப் படுக்கவைப்பது ஊருக்கு நன்மையோ, சரியாக அந்த நாட்களில் அவனை எழுப்பி வேலைக்கு விரட்டும் ஏற்பாடு இது. கிருமியே உட்கார்ந்து விதி எழுதியிருந்தாலும் இதைவிடத் தனக்குச் சாதகமாக எழுதியிருக்க முடியாது.

இதற்கு மறுப்புச் சொல்வோர் உண்டு. "ஊதியத்தோடு விடுப்புத் தந்தால் எல்லோரும் நோயாளியாக நடிப்பார்கள்" என்பது முதல் மறுப்பு. லட்சக்கணக்கான ரூபாய் பெறும் இயந்திரத்தை ஒருவன் கையில் நம்பி ஒப்படைக்கிறீர்கள்; "எனக்குக் காய்ச்சல்" என்று அவன் சொல்லும்போது மட்டும் நம்ப மறுக்கிறீர்கள். நடிப்பவர் சிலர் இருக்கலாம். அவர்களைக் கண்டறிய மருத்துவச் சான்றிதழ் இருக்கிறது. சிலர் நடிப்பார்கள் என்பதற்காக எல்லோரையும் காய்ச்சலோடு வரிசையில் உட்காரவைப்பது, கள்ளநாணயம் புழங்குகிறது என்பதற்காக யாருக்கும் கூலியே தரமாட்டேன் என்பதைப் போன்றது.

"உற்பத்தி நின்றுவிடும்; தொழில் வேறு மாநிலத்துக்குப் போய்விடும்" என்பது இரண்டாம் மறுப்பு. இருமுகிற ஒருவன் ஒரு வரிசையில் ஐந்து பேரைப் படுக்கவைப்பானானால் உற்பத்தி நிற்பது எதனால்? 2009 கொள்ளைநோயின்போது ஊதியத்தோடு கூடிய நோய்விடுப்பு போன்ற ஏற்பாடுகள் பணியிடங்களில் இல்லாமையால் அமெரிக்காவில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் கூடுதலாக நோயுற்றிருக்கக்கூடும் என்று 2012-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இரக்கத்தை விட்டுவிட்டு, இலாபக் கணக்கை மட்டும் பார்த்தாலும், நோயாளியைப் படுக்கவைப்பதே மலிவு.

"அரசுதான் காய்ச்சல் முகாம் நடத்துகிறதே" என்பது மூன்றாவது. ஆம், நடத்துகிறது; பாராட்டுகிறோம். 2023 மார்ச் 10 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் ஆயிரம் இடங்களில் முகாம்கள் நடந்தன. ஆனால் முகாமில் மருத்துவர் "நான்கு நாள் ஓய்வெடுங்கள்" என்று எழுதிக்கொடுத்த சீட்டைத் தொழிற்சாலை வாசலில் காட்டினால் அதற்கு மதிப்பு உண்டா? மதிப்பு இல்லையெனில் அந்தச் சீட்டு நலத்துறையின் நல்லெண்ணத்தைக் காட்டும் வெறும் தாள்.

நற்செய்தியைப் படிக்கிறவர்களுக்கு இவ்விடத்தில் ஒரு முதலாளி நினைவுக்கு வர வேண்டும். கப்பர்நாகும் ஊரின் நூற்றுவர் தலைவர் அவர். அவருடைய பணியாளர் ஒருவர் முடக்குவாதத்தால் நோயுற்றார். மத்தேயு எழுதியிருப்பதைக் கூர்ந்து கவனித்தால், அந்தப் பணியாளர் படுத்திருந்தது வீட்டில். எழுந்து வா என்று அவரை யாரும் அதட்டவில்லை. கூலியைப் பிடிப்பேன் என்று மிரட்டவில்லை. ஆணையிட்டே பழகிய அந்த அதிகாரி, தன் ஆணைக்குக் கீழ்ப்பட்ட ஒருவனுக்காக, அந்நிய இனத்தவராகிய போதகர் ஒருவரிடம் மன்றாடினார். பணியாளரைப் படுக்கவிட்டுத் தலைவர் அலைந்தார். நாம் வாழும் உலகில் தலைவர் அமர்ந்திருக்கிறார், நோயாளி அலைகிறான். ஒவ்வொரு திருப்பலியிலும் நற்கருணை பெறுமுன் நாம் சொல்லும் மன்றாட்டு, இந்த நூற்றுவர் தலைவர் தம் பணியாளருக்காகச் சொன்ன சொற்களிலிருந்து பிறந்தது. ஒரு முதலாளி தன் தொழிலாளியின் நோய்க்காகச் சொன்ன வார்த்தையை நாவில் ஏந்திக்கொண்டு பலிபீடத்தை நெருங்குகிறவர்கள், தம்மிடம் வேலை செய்பவரின் காய்ச்சல் நாளுக்குக் கூலியைப் பிடித்தல் தகுமா?

இக்கேள்வி பெருந்தொழிற்சாலைகளுக்கு மட்டும் உரியதன்று. பட்டறை வைத்திருப்பவர், கடை வைத்திருப்பவர், வீட்டு வேலைக்குப் பெண் அமர்த்தியிருப்பவர் அனைவருக்கும் உரியது. "காய்ச்சலென்றால் வராதே அம்மா, குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளும்" என்று கதவருகே நின்று சொல்லிவிட்டு, மாதக் கடைசியில் அந்த நான்கு நாளைக் கழித்துக் கொடுப்பது முன்னெச்சரிக்கை ஆகாது. நம் குழந்தையின் பாதுகாப்புக்கான விலையை அவள் குழந்தையின் சோற்றிலிருந்து எடுத்துக்கொள்வது அது. நம் பள்ளிகளின் ஆயாக்கள், விடுதிச் சமையலர்கள், ஆலயப் பணியாளர்கள் ஆகியோருக்கும் இதே அளவுகோல் பொருந்தும். தொழிலாளிக்கு ஓய்வும் மருத்துவமும் உரிமைகள் என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் மனித உழைப்பைப் பற்றிய தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார். உரிமை என்றபின் அது தயவு ஆகாது.

ஆகவே நாம் கேட்பவை எளியவை. 2020-இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்து, 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. பழைய சட்டம் போனபின்பு, அந்தப் பழைய இரண்டு காத்திருப்பு நாட்களைத் தொற்றுநோய்க்கேனும் நீக்கும்படி தொழிற்சங்கங்களும் மக்கள் பிரதிநிதிகளும் கேட்கட்டும். மருத்துவர் தரும் ஓய்வுச் சீட்டைக் காட்டியவருக்கு வருகைப் போனஸைப் பிடிக்கக் கூடாதென்று தொழிற்சாலைகள் முடிவெடுக்கட்டும். ஒப்பந்தத் தொழிலாளியின் காய்ச்சலும் நிரந்தரத் தொழிலாளியின் காய்ச்சலும் ஒரே சூடுதான் என்பதை மேலாளர்கள் ஒப்புக்கொள்ளட்டும்.

அன்பியங்களுக்கும் ஒரு வேலை உண்டு. காய்ச்சல் கண்ட வீட்டின் வாசலில் ஒரு பாத்திரம் கஞ்சியும், ஒரு பை காய்கறியும் வைத்துவிட்டு வர யாருக்கும் சட்டம் தேவையில்லை. எட்ட நின்று பேசலாம், முகத்தை மூடிக்கொள்ளலாம், கையைக் கழுவிக்கொள்ளலாம். இவை அறிவுள்ள அச்சத்தின் செயல்கள். வீட்டில் முதியவரோ கருவுற்ற பெண்ணோ இருந்தால் முதல் இரண்டு நாளுக்குள் மருத்துவரிடம் அனுப்பிவைக்கலாம்; கடுமையான காய்ச்சலுக்கு உரிய மருந்தும் அந்நாட்களில் தந்தால்தான் நன்கு வேலை செய்யும். குழாயடியில் முகம் திருப்பிக்கொள்வதால் மட்டும் எந்த நோயும் நின்றதில்லை.

பிப்ரவரி 11-ஆம் நாளை உலக நோயாளர் நாளாக 1993 முதல் திருச்சபை கடைப்பிடித்து வருகிறது. சளிக்காய்ச்சல் மிகும் மாதங்களுள் ஒன்றில் அந்நாள் வருவது பொருத்தமே. அன்று நோயுற்றோருக்காகச் செபிப்போம். செபித்து முடித்தபின், பிறரிடம் வேலை வாங்கும் ஒவ்வொருவரும் ஒரு கேள்விக்கு எண்ணால் விடை எழுதட்டும்: என்னிடம் உழைப்பவருக்குக் காய்ச்சல் வந்தால், கூலி குறையாமல் எத்தனை நாள் அவர் படுத்திருக்கலாம்? அந்த எண் சுழியமாக இருக்கும்வரை, காய்ச்சலைப் பற்றி ஊருக்கு அறிவுரை சொல்லும் உரிமை நமக்கு இல்லை.